காஞ்சி கண்ட யுவான் சுவாங்

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்திற்கும் கொழும்பு விமான நிலையத்திற்கும் இடையே எவ்வளவு தூரம்? நேர்க்கோட்டில் ஏறத்தாழ 650 கிலோமீட்டர். விமானம் கிளம்பிவிட்டால் ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். நம் காஞ்சிபுரத்திலிருந்து மீனம்பாக்கம் போய்ச் சேரச் சில நாட்களில் அதைவிட அதிக நேரம் ஆகிவிடுகிறது. நம் மாவட்டத்துப் பரந்தூரில் புதிய விமான நிலையம் அமைக்கும் திட்டம் 2022-ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது முதல், எந்த ஊருக்கு எத்தனை மணி நேரம் என்ற கணக்கு வீட்டுத் திண்ணைகளிலும் பேச்சாகிவிட்டது. நிலம் கொடுக்க வேண்டிய ஊர்களில் அதே பேச்சு கவலையாகவும் இருக்கிறது.

இந்தக் கணக்கைப் பூகோள வகுப்பில் நாங்களும் போட்டுப் பார்த்தோம். நெசவாளர் வீட்டு மாணவி ஒருத்தி ஒரு பட்டு இழையைக் கொண்டு வந்தாள். அதைப் பூகோள உருண்டையின் மேல் இழுத்துப் பிடித்து, சென்னையிலிருந்து சீன நாட்டுச் சியான் நகரம் வரை அளந்தோம். ஏறத்தாழ 3,700 கிலோமீட்டர். ஜெட் விமானம் ஒன்று வளையாமல் நேரே பறக்குமானால் ஐந்து மணி நேரம்கூட ஆகாது. அந்தச் சியானின் பழைய பெயர் சாங்கான். அங்கிருந்து புறப்பட்ட ஒருவர், கேள்விகள் கேட்டுக்கொண்டும் பாடம் படித்துக்கொண்டும், ஏறத்தாழப் பதினோர் ஆண்டுகள் கழித்து நம் காஞ்சிக்கு வந்து சேர்ந்தார். அவர்தாம் யுவான் சுவாங். வரலாற்றுப் பாடத்தில் ஒரு பத்தியில் படித்து மறந்துவிடும் அப்பெரியாரின் வாழ்க்கையை இங்கே சற்று விரிவாகக் காண்போம்.

இளமையும் ஆவலும்

கி.பி. 602-ஆம் ஆண்டை ஒட்டிச் சீனாவில் லோயாங் நகருக்கு அருகில், கற்றறிந்தோர் குடும்பம் ஒன்றில், நான்கு ஆண்மக்களுள் கடைக்குட்டியாக அவர் பிறந்தார். அண்ணன் ஒருவர் பௌத்தத் துறவி. அவர் வழியைப் பின்பற்றித் தம்பியும் பதின்மூன்றாம் வயதில் மடம் புகுந்தார். இருபதாம் வயதில் முழுத் துறவு ஏற்றார். பல ஆசிரியர்களை நாடிச் சென்று கற்றார். கற்கக் கற்க ஐயங்களே பெருகின. ஒரே கருத்துக்கு ஒவ்வோர் ஆசிரியரும் ஒவ்வொரு பொருள் கூறினர். சீன மொழிபெயர்ப்புகள் சில இடங்களில் குறைபட்டும் சில இடங்களில் முரண்பட்டும் இருந்தன. மூல நூல்கள் பிறந்த பாரத நாட்டிற்கே சென்று, அவற்றை வடமொழியிலேயே கற்றுத் தெளிவது என்று அவர் முடிவு செய்தார்.

அந்நாளில் எல்லை கடந்து செல்ல அரசாங்கத்தின் தடை இருந்தது. விண்ணப்பித்தார், அனுமதி கிடைக்கவில்லை. கி.பி. 629-ஆம் ஆண்டு, இருபத்தேழு வயதளவில், அனுமதி இன்றியே மேற்கு நோக்கிப் புறப்பட்டார். பகலில் மறைந்தும் இரவில் நடந்தும் எல்லைப்புறத்தை அடைந்தார்.

பாலைவனத்தில் பத்து லீ

எல்லைக்கு அப்பால் கோபிப் பாலைவனம். வழியில் காவற்கோபுரங்கள். முதற் கோபுரத்தருகே தண்ணீர் எடுக்கக் குனிந்தபோது அம்புகள் அவரை உரசிச் சென்றன. நல்லவேளையாக அங்கிருந்த அதிகாரி பௌத்தர்; செய்தி அறிந்ததும் உதவி செய்து அனுப்பினார். அதன் பின் 800 லீ நீளமுள்ள மணற்பரப்பைத் தனியே கடக்க வேண்டியிருந்தது. லீ என்பது சீனரின் தூர அளவு. ஒரு லீ ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் என்று கொள்ளலாம். பலமுறை அவ்வழி சென்று பழகிய கிழச் செங்குதிரை ஒன்றே துணை.

பாலைவனத்தில் வழி தவறியது. தண்ணீர்ப் பை கைநழுவி விழுந்து, இருந்த நீரெல்லாம் மணலில் கொட்டிவிட்டது. வேறு வழியின்றிக் குதிரையைத் திருப்பி, வந்த திசையிலேயே பத்து லீ சென்றார். அப்போது பாரதம் சேராமல் கிழக்கு நோக்கி ஓரடியும் எடுத்து வைப்பதில்லை என்று தாம் செய்திருந்த உறுதி அவர் நினைவுக்கு வந்தது. திரும்பி வாழ்வதைவிட முன்சென்று மடிவது மேல் என்று எண்ணி, மறுபடியும் மேற்கு நோக்கித் திரும்பினார். நான்கு இரவும் ஐந்து பகலும் ஒரு சொட்டு நீரில்லை. ஐந்தாம் இரவில் குளிர்ந்த காற்று வீச, மயங்கிக் கிடந்தவர் எழுந்தார். குதிரை தானே வழிமாறி அவரை ஒரு பசும்புல் தரைக்கும் நீர்நிலைக்கும் கொண்டு சேர்த்தது. இந்தப் பத்து லீயை வாசகத் தோழியர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

துர்பான் மன்னரின் பட்டு

பாலைவனத்திற்கு அப்பால் துர்பான் என்ற சிற்றரசு. அதன் மன்னர் யுவான் சுவாங்கிடம் பேரன்பு கொண்டார். அந்த அன்பே தடையாயிற்று. தம் நாட்டிலேயே தங்கிவிட வேண்டும் என்று மன்னர் வற்புறுத்தினார். துறவி மூன்று நாள் உணவும் நீரும் தொடவில்லை. அவர் மூச்சு ஒடுங்குவதைக் கண்ட மன்னர் மனம் மாறினார். இருவரும் உடன்பிறந்தாராக உறுதி பூண்டனர். திரும்பி வரும்போது துர்பானில் மூன்று ஆண்டுகள் தங்குவதாகத் துறவி வாக்களித்தார்.

இருபது ஆண்டுப் பயணத்திற்குப் போதுமான பொருளை மன்னர் கொடுத்தார். வழியிலுள்ள 24 நாடுகளுக்குத் திருமுகங்கள். ஒவ்வொரு திருமுகத்தோடும் ஒரு பட்டுச் சுருள். துருக்கியப் பேரரசனுக்கு 500 பட்டுச் சுருள்கள். பனிமலை கடக்க முகமூடி, கையுறை, காலுறை எல்லாம் தந்தார். அந்நாளில் பட்டு உடுக்கும் துணியாக மட்டுமன்றி நாணயமாகவும் கடவுச்சீட்டாகவும் பயன்பட்டது. பட்டிலேயே பிறந்து வளரும் நமக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தியன்றோ?

அடுத்து வந்த பனிமலையைக் கடக்க ஏழு நாட்கள் ஆயின. உடன் வந்தவர்களில் பத்தில் மூவர் நால்வர் குளிரிலும் பசியிலும் இறந்தனர். பிறகு சாமர்கண்டு, பால்க் வழியாகச் சென்று, பாமியானில் மலையில் குடையப்பட்ட மாபெரும் புத்தர் சிலைகளைக் கண்டு எழுதி வைத்தார். அச்சிலைகள் 2001-ஆம் ஆண்டு தகர்க்கப்பட்டுவிட்டன. அவர் எழுதியது நிற்கிறது. பின் காந்தாரம், காசுமீரம், மதுரா, கன்னோசி என்று நடந்து நாலந்தாவை அடைந்தார்.

அவர் சென்ற வழியை எங்கள் உருண்டையில் அதே பட்டு இழையால் அளக்க முயன்றோம். நேர்க்கோட்டுக்குப் போதுமாயிருந்த இழை இரண்டு முறை முடிந்தும் பாதை முடியவில்லை. விமானம் திபெத்துப் பீடபூமியையும் இமயத்தையும் மேலே பறந்து கடக்கலாம். கால்நடையாக வந்தவர் அவற்றைச் சுற்றித்தான் வரவேண்டும்.

ஆசிரியரின் ஆசிரியர் காஞ்சியார்

நாலந்தாவில் அந்நாளைய தலைவர் சீலபத்திரர், முதுமையில் கனிந்த பேரறிஞர். அவரிடம் யுவான் சுவாங் ஆண்டுக்கணக்கில் தங்கி, தாம் தேடி வந்த யோகாசார நூலை முறையாகக் கற்றார். அந்தச் சீலபத்திரருக்கு ஆசிரியராக இருந்தவர் தர்மபாலர். தர்மபாலர் பிறந்த ஊர் நம் காஞ்சிபுரம்!

அவர் காஞ்சி அமைச்சர் ஒருவரின் மகன் என்றும், மன்னன் தன் மகளை அவருக்கு மணமுடிக்க விரும்பினான் என்றும், மணத்திற்கு முன்னிரவில் அவர் உருகி வேண்டித் துறவை அடைந்தார் என்றும் யுவான் சுவாங் எழுதியிருக்கிறார். சீனத்திலிருந்து அத்தனை தொலைவு நடந்து வந்தவர், தம் கல்வியின் ஊற்று இன்னும் தெற்கே இருப்பதை அறிந்தார். காஞ்சிக்கு வர இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும் என்று எண்ணுவதில் தவறில்லை.

பதினான்கு நாளா, மூன்று நாளா?

மற்றொரு காரணம் இலங்கை. யோக நூலில் வல்ல துறவியர் அங்கு உள்ளனர் என்று கேள்விப்பட்டு, வங்காளக் கரையிலுள்ள தாமிரலிப்தித் துறைமுகத்தில் கப்பலேற எண்ணினார். அவருக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன் மற்றொரு சீனத் துறவியான பாகியான் அதே துறையில் கப்பலேறிப் பதினான்கு நாட்களில் இலங்கை சேர்ந்திருந்தார்.

ஆனால் தென்னாட்டுத் துறவி ஒருவர் வேறு யோசனை கூறினார். நீண்ட கடல் வழியில் புயலும் பேரலையும் உண்டு. தரைவழியே தென்கோடிக்குச் சென்றால் அங்கிருந்து கடலில் மூன்றே நாள். இடையிலுள்ள நாடுகளையும் புனித இடங்களையும் கண்டு செல்லலாம் என்றார். யுவான் சுவாங் அதை ஏற்றார். கடலில் சில நாட்களைக் குறைப்பதற்காகத் தரையில் பல மாதங்கள் நடக்கத் துணிந்தார். கலிங்கம், கோசலம், ஆந்திரம் கடந்து, கி.பி. 640-ஐ ஒட்டிக் காஞ்சி மாநகரை அடைந்தார்.

காஞ்சியில் அவர் கண்டவை

அப்போது ஆட்சி புரிந்தவர் மாமல்லர் எனப்படும் முதலாம் நரசிம்மவர்மப் பல்லவர். கைலாசநாதர் கோயில் அன்று இல்லை; அது அடுத்த சில தலைமுறை கழித்தே எழுந்தது. நகரின் சுற்றளவு 30 லீ என்று யுவான் சுவாங் குறிக்கிறார். நிலம் வளமானது, உழவு செம்மையானது, தானியம் மிகுதி, பூவும் கனியும் ஏராளம், வெயில் கடுமை என்கிறார். வெயிலைப் பற்றி அவர் சொன்னதை நாம் இன்றும் மறுக்க முடியாது! மக்கள் துணிவும் நேர்மையும் உடையவர்கள், கல்வியைப் போற்றுகிறவர்கள் என்று பாராட்டுகிறார்.

பௌத்த மடங்கள் 100-க்கு மேல். துறவியர் 10,000 பேர். தேவர் கோயில்கள் 80. சமணரும் மிகப் பலர். சமணம் நம் திருப்பருத்திக்குன்றத்தில் இன்றும் உயிரோடு இருக்கிறது. பௌத்தத்தின் நினைவாகச் சில சிலைகளே எஞ்சின. காமாட்சியம்மன் கோயில் பகுதியில் கிடைத்த நெடிய புத்தர் சிலை ஒன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

மணிமேகலை துறவு நெறியில் நிறைவு பெற்றதும் இதே காஞ்சியில்தான் என்று காப்பியம் கூறும். அவளுக்கு வான்வழிச் செல்லும் மந்திரம் கிடைத்திருந்தது. நம் யுவான் சுவாங்குக்கு அப்படி எதுவும் கிடைக்கவில்லை. இரண்டு கால்களே கிடைத்தன.

கடக்காத மூன்று நாள்

காஞ்சிக்கு வந்தவர் கப்பலேற ஆயத்தமானார். மூன்று நாள் கடந்தால் இலங்கை. அப்போது அங்கிருந்து முந்நூறு துறவியர் காஞ்சிக்கு வந்து சேர்ந்தனர். போதிமேகேசுவரர் முதலானோர் அவர்களுக்குத் தலைவர். இலங்கை மன்னன் இறந்துவிட்டான், நாட்டில் பஞ்சமும் குழப்பமும் மிகுந்துவிட்டன, அதனாலேயே கரை கடந்து வந்தோம் என்று தெரிவித்தனர்.

அந்நேரம் அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! இந்த மூன்று நாளுக்காகவே பல மாதங்கள் நடந்து வந்தவர் அவர். பாலைவனத்தில் பத்து லீ திரும்பியதற்கே வருந்தியவர் அவர். இங்கும் பிடிவாதமாகக் கப்பலேறியிருக்கலாம். ஏறவில்லை. வந்த துறவியரை அமரச் செய்து யோக நூலின் கடினமான பகுதிகளைப் பற்றி வினவினார். சீலபத்திரர் சொன்னதற்கு மேல் அவர்களால் எதுவும் சொல்ல இயலவில்லை. எதைத் தேடி இலங்கை செல்ல எண்ணினாரோ அது அங்கு இல்லை என்பது காஞ்சியிலேயே தெளிவாயிற்று. இலங்கையைப் பற்றிக் கேட்டறிந்ததைக் குறித்துக்கொண்டு, அத்துறவியருள் எழுபது பேரோடு வடமேற்கு நோக்கித் திரும்பினார். தெற்கே அவர் கால் பட்ட கடைசிப் பெருநகர் நம் காஞ்சியே என்று வரலாற்றாசிரியர்கள் கொள்வர்.

பாலைவனத்தில் அவரைத் திரும்பச் சொன்னது அச்சம். ஆகவே அங்கே அவர் அதற்கு இணங்கவில்லை. காஞ்சியில் திரும்பச் சொன்னது கேட்டு ஆராய்ந்த உண்மை. ஆகவே இங்கே வெட்கப்படாமல் திரும்பினார்.

வாக்குறுதியும் தாமதமான செய்தியும்

காஞ்சியிலிருந்து சென்றவர், அப்போது பல்லவருக்குப் பகையாயிருந்த சாளுக்கியப் புலிகேசியின் நாட்டையும் கடந்தார். கி.பி. 642-ஐ ஒட்டி மாமல்லரின் படை வாதாபியை வென்றது. அந்தப் போருக்குச் சற்று முன், இரு நாடுகளுக்கும் நண்பராக நடந்து சென்ற மனிதர் அவர். பிறகு மேற்குக் கரை, சிந்து நாடு எல்லாம் சுற்றி நாலந்தா திரும்பினார். ஹர்ஷப் பேரரசர் 643-இல் கன்னோசியில் கூட்டிய பேரவையில் அவருக்குப் பெரும் சிறப்புச் செய்யப்பட்டது.

தாய்நாடு திரும்பக் கடல்வழி எளிது. அதற்கு உதவி செய்யவும் அரசர்கள் முன்வந்தனர். அவரோ துர்பான் மன்னருக்குக் கொடுத்த வாக்கை எண்ணி, மறுபடியும் மலைவழியையே தேர்ந்தார். சிந்து நதியில் படகு கவிழ்ந்து ஐம்பது சுவடிகள் போயின. பாமீர் மலை கடந்து கோட்டான் வந்தபோதுதான் துர்பான் மன்னர் இறந்துவிட்டார் என்று அறிந்தார். அந்நாடு சீனப் பேரரசிடம் வீழ்ந்தது கி.பி. 640-இல். நம் காஞ்சியில் இவர் இருந்த காலமும் ஏறத்தாழ அதுவே. இலங்கை மன்னனின் மரணச் செய்தி மூன்று நாள் கடலைக் கடந்து வந்துவிட்டது. அன்பு மன்னரின் மரணச் செய்தியோ இவரை எட்ட ஆண்டுகள் ஆயின. அந்நாளில் செய்தியும் மனிதரோடுதான் நடக்க வேண்டியிருந்தது.

கி.பி. 645-ஆம் ஆண்டு, இருபது குதிரைகளில் 657 நூல்களைச் சுமந்து அவர் சாங்கானில் நுழைந்தார். திருட்டுத்தனமாகப் போனவரை நகரமே திரண்டு வரவேற்றது. பேரரசர் அமைச்சுப் பதவி தர முன்வந்தார், அவர் ஏற்கவில்லை. பேரரசர் கேட்டுக்கொண்டபடி 646-இல் மேற்குலகப் பயணக் குறிப்புகளை முடித்துக் கொடுத்தார். எஞ்சிய பத்தொன்பது ஆண்டுகளில் எழுபதுக்கு மேற்பட்ட நூல்களை 1,335 பகுதிகளாகச் சீன மொழியில் ஆக்கினார். சுவடிகளைக் காக்க 652-இல் எழுந்த செங்கற் கோபுரம் சியானில் இன்றும் நிற்கிறது. சிந்துவில் மூழ்கிய நூல்களையும் அவர் மறக்கவில்லை. 654-இல் பட்டியல் எழுதி, பிரதி அனுப்புமாறு பாரதத்திற்குக் கடிதம் விடுத்தார். 664-இல் மறைந்தார்.

பன்னிரண்டு நூற்றாண்டுகள் கழிந்து, 19-ஆம் நூற்றாண்டில், அலெக்சாண்டர் கன்னிங்காம் அவர் எழுதிய லீக் கணக்கையும் திசையையும் கையில் வைத்துக்கொண்டு, மண்மூடிக் கிடந்த பழம்பெரும் இடங்கள் பலவற்றை அடையாளம் கண்டார். நாலந்தாவும் அவற்றுள் ஒன்று. நடந்தவர் தூரத்தைப் பொய்யின்றி எழுதியதால் வந்த பயன் அது.

நமக்கு ஒரு பாடம்

இவர் நம் சமயத்தவர் அல்லர். ஆயினும் இவர் வாழ்வில் நமக்குப் பழக்கமான ஓர் ஒளி தெரிகிறது. இவர் பாரதத்தில் இருந்த நாட்களில், கி.பி. 635-இல், சீரியத் திருச்சபையின் அலோபென் என்ற துறவி வேத நூல்களோடு அதே சாங்கானுக்கு வந்து சேர்ந்தார் என்று அங்குள்ள 781-ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. ஒருவர் ஒளி தேடி வெளியே செல்ல, ஒருவர் ஒளி கொண்டு உள்ளே வந்தார். 1545-இல் மயிலாப்பூரில் தங்கிச் செபித்த நம் புனித சவேரியார், சீனம் செல்லப் புறப்பட்டு, அதன் கரைக்கு எதிரே சான்சியன் தீவில் படகுக்குக் காத்திருந்தபடியே 1552 டிசம்பர் 3-இல் உயிர் நீத்தார். சீனத்துறவி இலங்கைக்கு மூன்று நாள் தூரத்தில் திரும்பினார். சவேரியார் சீனத்தைக் கண்ணெதிரே கண்டு கண்மூடினார். இருவர் வாழ்வையும் தோல்வி என்று எவர் கூறுவார்?

தோழியரே! நம்மில் சிலருக்கு மேற்படிப்புக் கல்லூரி பேருந்தில் இரண்டு மணி நேரம். தூரம் என்ற ஒரே சொல்லால் ஒரு பெண்பிள்ளையின் படிப்பு நின்றுபோவதை நம் தெருக்களிலேயே கண்டிருக்கிறோம். நாளை அந்தச் சொல் நம் காதிலும் விழலாம். அப்போது அது பாலைவனத்தில் எழுந்த அச்சமா, காஞ்சியில் கேட்ட உண்மையா என்று ஆராய்ந்து பார்ப்போம். அச்சமானால் பெற்றோரிடம் பணிவோடும் உறுதியோடும் பேசி முன்செல்வோம். உண்மையானால், யுவான் சுவாங் வேறு வழியாக நாலந்தா திரும்பிப் பாடத்தைத் தொடர்ந்தது போல, நாமும் வேறு வழியில் கற்றலைத் தொடர்வோம். இரண்டையும் பிரித்தறியும் தெளிவை இறைவன் நமக்கு அருள்வாராக!